நத்தார்த் தீவும் அதன் நண்டுகளும்

நண்டு என்றதும் தமிழ் மக்களின் மனக்கண்முன் தோன்றுவன கடற்கரை மணலும், களப்பின் சேறும், வயல் வரம்பின் வளையுமே. ஈரத்தைவிட்டு அகலாத பிராணி அது. மனிதனின் காலடியோசை கேட்ட மாத்திரத்தே ஓடி ஒளிவது. பெருவீதியிலே நண்டுகள் அணிவகுத்துச் செல்ல, மனிதர் தம் வாகனங்களை நிறுத்தி ஒதுங்கி நின்று வழிவிடுகின்றனர் என்று ஒருவர் கூறின், கேட்போர் அதனைக் கட்டுக்கதை என்றே கொள்வர். ஆயினும் இந்து சமுத்திரத்தின் ஒரு மூலையிலே, ஆண்டுதோறும் மாரிமழை தொடங்கியதும் இக்காட்சி தவறாது நிகழ்கின்றது. நத்தார்த் தீவு எனவும் கிறிஸ்மஸ் தீவு எனவும் வழங்கும் அச்சிறு நிலத்தில் நண்டே ஆதிக்குடி. மனிதன் பிந்தி வந்தவன். நண்டின் நாட்டிலே மனிதன் குடியேறிய கதையே இத்தீவின் வரலாறு எனலாம்.

யாவாத் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கிலோமீற்றர் தூரத்தில் இத்தீவு உள்ளது. இதன் பரப்பு 135 சதுர கிலோமீற்றர். நம் நெடுந்தீவினும் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிது. ஆழ்கடலின் அடியிலிருந்து எழுந்த ஓர் எரிமலையின் உச்சியே இது. அவ்வுச்சியின்மேல் முருகைக்கல் படிந்து, நிலம் காலத்துக்குக் காலம் உயர்ந்தமையால், கரையிலிருந்து நடுமேடு வரை படிப்படியாக அமைந்த நிலவடுக்குகளைக் காணலாம். மிகவுயர்ந்த இடம் 361 மீற்றர். கரையின் பெரும்பகுதி செங்குத்தான பாறைச்சுவர். கப்பல் அணுகத்தக்க துறை ஒன்றே ஒன்றுதான். நடுமேட்டை அடர்ந்த மழைக்காடு மூடியுள்ளது. இவ்வாறு கடலாலும் பாறையாலும் காவல் செய்யப்பட்டமையாலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கு மனிதர் எவரும் வாழ்ந்திலர்.

தீவுக்குப் பெயர் வந்த வகை எளிது. 1643 ஆம் ஆண்டு டிசெம்பர் 25 ஆந் திகதி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'றோயல் மேரி' என்னும் கப்பலின் தலைவர் வில்லியம் மைனர்ஸ் இத்தீவைக் கடந்து சென்றார். கடந்த நாளின் பெயரையே அதற்குச் சூட்டினார். இலங்கைத் தமிழர் இயேசு பிறந்த நாளை 'நத்தார்' என வழங்குவது போர்த்துக்கேயரின் 'நற்றால்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிற்காலத்தில் இத்தீவின் சிவப்பு நண்டுக்கு இலத்தீனிலே பெயரிட்ட விஞ்ஞானிகளும் அதே அடியிற் பிறந்த 'நற்றாலிஸ்' என்னும் சொல்லையே பயன்படுத்தினர். ஆகவே இந்நண்டை 'நத்தார் நண்டு' என அழைப்பது முற்றிலும் பொருந்தும்.

தரையில் வாழும் பெருநண்டுகளைப் பற்றி ஐரோப்பிய மாலுமிகள் முன்னரே அறிந்திருந்தனர். உலகைச் சுற்றிவந்த பிரான்சிஸ் டிறேக் 1579 ஆம் ஆண்டிலே செலிபிஸ் தீவுக்கு அண்மையில் ஒரு காட்டுத்தீவில் தங்கியபோது, மரவேர்களுக்கு அடியில் முயல்போல வளைதோண்டி வாழும் மாபெரும் நண்டுகளை அவருடைய ஆட்கள் கண்டனர். ஒரு நண்டு பசித்த நால்வருக்குப் போதும் என்று அப்பயணக் குறிப்புக் கூறுகின்றது. 1688 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வில்லியம் டாம்பியர் சென்ற கப்பல் நத்தார்த் தீவை அடைந்தது. அன்று கரையேறிய மாலுமிகளே இத்தீவில் மிதித்த மனிதருள் வரலாறு அறிந்த முதல்வர். அவர்கள் உணவுக்காகக் கடற்பறவைகளைக் கொண்டுவந்தனர். வளைகளில் வாழும், பெரிய இறாலைப் போன்ற நிலப்பிராணிகளையும் கொண்டுவந்தனர். இத்தீவிலே நண்டுக்கும் மனிதனுக்கும் நேர்ந்த முதற் சந்திப்பு, நண்டு மனிதனின் சமையற்பானைக்குட் சென்றதோடு முடிந்தது.

அந்தப் பெருநண்டே தென்னை நண்டு. கொள்ளைக்கார நண்டு என்பது இதன் மறுபெயர். தரையில் வாழும் கணுக்காலிப் பிராணிகளுள் உலகிலேயே பெரியது இது. நன்கு வளர்ந்த ஆண் நண்டு நான்கு கிலோ கிராம் வரை நிறையுடையது. கால்களை விரித்தால் ஒரு மீற்றர் அளவு பரவும். ஐம்பது ஆண்டுக்கு மேலும் உயிர்வாழும். இளமையிலே சங்குநண்டைப்போல வெற்றுச் சிப்பிக்குள் உடலை மறைத்துத் திரிந்து, வளர்ந்தபின் அதனைத் துறந்துவிடும். மரம் ஏறும், தேங்காய் உரிக்கும், மோப்பத்தினால் உணவைத் தேடி இரவில் உலாவும். வீட்டுமுற்றத்தில் விட்ட சட்டியையும் செருப்பையும் இழுத்துச் செல்லும். அதனாலேயே கள்வன் என்னும் பொருள்படும் 'லாற்றோ' என்ற பெயரைச் சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு 1767 ஆம் ஆண்டில் இதற்கு இட்டார்.

தென்னை நண்டைப் பற்றிச் சிறப்பாக எழுதியவர் சார்ள்ஸ் டார்வின். அவர் 1836 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் 'பீகிள்' கப்பலிலே நத்தார்த் தீவுக்கு மேற்கேயுள்ள கொக்கோஸ் தீவுகளுக்குச் சென்றார். தேங்காயின் கண்கள் உள்ள முனையிலிருந்து தும்பை ஒவ்வொன்றாக உரித்து, கண்ணொன்றை இடுக்கியால் அடித்துத் திறந்து, பின் திரும்பி நின்று, சிறிய பின்கால்களால் உள்ளிருக்கும் பருப்பை எடுத்துத் தின்னும் முறையை அவர் அங்கு வாழ்ந்த ஒருவரிடம் கேட்டுக் குறித்தார். ஒரு நண்டின் வாற்புறக் கொழுப்பை உருக்கினால் ஒரு போத்தல் எண்ணெய் கிடைக்குமென்றும் அறிந்தார். இன்னொரு செய்தி கப்டன் மோர்ஸ்பி என்பவர் அவருக்குக் கூறியது. பிஸ்கற் அடைத்திருந்த தடித்த தகரப் பெட்டியில் ஒரு நண்டை இட்டு மூடியைக் கம்பியாற் கட்டினாராம். நண்டோ தகரத்தின் விளிம்பை மடக்கி வெளியேறிவிட்டது; போகுமுன் தகரத்தில் பல துளைகளும் இட்டிருந்தது.

டார்வின் கண்ட கொக்கோஸ் தீவுகளிலே குளூனிஸ்-றொஸ் என்னும் ஸ்கொத்லாந்துக் குடும்பத்தார் 1827 ஆம் ஆண்டிலிருந்து தென்னந்தோட்டம் வைத்து ஆண்டுவந்தனர். மனிதர் நிறைந்து வாழ்ந்த அத்தீவுகளிலே, உண்ணப்பட்டு உண்ணப்பட்டுத் தென்னை நண்டு மிக அருகிவிட்டது. மொறீசியசில் முற்றாக அற்றுப்போயிற்று. நத்தார்த் தீவிலோ இன்றும் உலகிலேயே மிகப் பெரிய தென்னை நண்டுக் கூட்டம் வாழ்கின்றது. ஒரே கடலில், ஒரே இனத்துக்கு, இருவேறு கதி வாய்த்தது. நத்தார்த் தீவில் மனிதன் மிகப் பிந்தி வந்தமையே இவ்வேற்றுமைக்கு முதற் காரணம்.

அவன் வந்தது நண்டுக்காகவன்று, கல்லுக்காக. 1857 ஆம் ஆண்டில் 'அமெதிஸ்ற்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிலிருந்து சென்றோர் உள்நாட்டை அடைய முயன்று, பாறைச்சுவர்களைத் தாண்ட இயலாது திரும்பினர். மூன்று தசாப்தங்களின் பின், கப்டன் மக்கிளியர் தலைமையில் வந்த 'பிளையிங் பிஷ்' கப்பல் நங்கூரமிடத் தகுந்த துறையைக் கண்டுபிடித்தது. அத்துறை இன்றும் அக்கப்பலின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அடுத்து 1887 இல் 'எகேரியா' கப்பல் கொண்டுவந்த கல்மாதிரிகளை ஆராய்ந்த யோன் மறே என்னும் கடலியல் விஞ்ஞானி, அவை தூய்மை மிக்க பொஸ்பேற்று எனக் கண்டார். பொஸ்பேற்று பயிர்நிலங்களுக்கு உரமாவது. செய்தி எட்டியதும் அரசியல் விரைந்தது. 1888 ஆம் ஆண்டு யூன் 6 ஆந் திகதி பிரித்தானியா இத்தீவைத் தன் ஆட்சியுட் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டிற் குளூனிஸ்-றொஸ் குடும்பத்தினர் துறையருகே முதலாவது குடியிருப்பை அமைத்தனர். 1897 இல் நத்தார்த் தீவுப் பொஸ்பேற்றுக் கம்பனி பிறந்தது.

கல்லைத் தோண்டிய கைகள் சீனத் தொழிலாளருடையவை. தென்சீனத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக அவர்கள் கொண்டுவரப்பட்டனர். மலாயரும் வந்தனர், காவலுக்குச் சீக்கியர் வந்தனர். முதற் சில ஆண்டுகளில் அத்தொழிலாளர் பட்ட துன்பம் பெரிது. தீட்டிய அரிசியையே உணவாகக் கொண்டமையால் 'பெரிபெரி' நோய் பரவி, 1900 ஆம் ஆண்டுக்கும் 1904 ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தவிட்டோடு அரிசியின் சத்தும் போய்விடுகின்றது என்பதனை மருத்துவ உலகம் அக்காலத்தில் முற்றும் தெளிந்திருக்கவில்லை. உலகத்தின் வயல்களுக்கு உரம் அனுப்பிய மனிதர், தம் சோற்றிலே சத்தில்லாது இறந்தனர். இத்தீவின் வரலாற்றில் நண்டுகளைப் பற்றிப் பேசும்போது இம்மனிதரை மறத்தல் தகாது.

அதே வேளையில் இன்னொரு அழிவு, எவரும் கவனியாத வகையில் நிகழ்ந்தது. 1897 ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த சார்ள்ஸ் அன்ட்றூஸ் என்னும் அறிஞர், சுரங்கவேலை பெருகுமுன் தீவின் உயிரினங்களைக் கணக்கெடுக்க வேண்டுமென்று அனுப்பப்பட்டு, பத்து மாதமளவில் அங்கு தங்கினார். ஒரு தீவு மனிதரால் மாற்றமடையுமுன் அதன் நிலையை முழுதாகப் பதிவு செய்த அரிய முயற்சி அது. 1900 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பெருநூலிலே நண்டுகள் இடம்பெற்றன. தீவுக்கே உரிய இருவகை எலிகளும் இடம்பெற்றன. அவற்றுள் மக்கிளியர் எலி என்பது இரவில் எங்கும் ஓடித் திரிந்த, மிக மலிந்த பிராணி. 1908 ஆம் ஆண்டில் அன்ட்றூஸ் மீண்டும் சென்றபோது அவ்விரு எலிகளில் ஒன்றையேனும் அவராற் காண இயலவில்லை. பத்தாண்டுக்குள் ஈரினங்கள் பூண்டோடு அற்றுப்போயின. 1899 ஆம் ஆண்டில் 'இந்துஸ்தான்' என்னும் கப்பலோடு வந்திறங்கிய கறுப்பெலிகள் கொணர்ந்த நோய்க்கிருமியே காரணம் என்பது, நூதனசாலையிற் பேணிய பழைய எலித்தோல்களைப் பரிசோதித்ததனால் 2008 ஆம் ஆண்டிலே உறுதியாயிற்று.

எலிகளின் மறைவு நண்டுகளின் வரலாற்றோடும் தொடர்புடையது என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். மக்கிளியர் எலி இளநண்டுகளைத் தின்று அவற்றின் தொகையை அடக்கி வைத்திருக்கலாம். அது மறைந்ததும் செந்நண்டு கோடிக்கணக்காகப் பெருகியிருக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. இது உண்மையாயின், இன்று இயற்கையின் அற்புதம் எனப் போற்றப்படும் பெருங்கூட்டத்திலும் மனிதனின் வருகை தன் சுவட்டைப் பதித்துள்ளது எனல் வேண்டும்.

செந்நண்டின் வாழ்க்கை முறை நேயர்கள் அறியத்தக்கது. தீவிலுள்ள ஏறக்குறைய இருபது வகைத் தரைநண்டுகளுள் தொகையிற் பெரியது இதுவே. ஓடு ஒரு சாண் அகலமுமில்லை. 11 சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். நிறம் செம்பரத்தம் பூவை ஒத்த சிவப்பு. உதிர்ந்த இலை, பழம், பூ, முளைக்கும் நாற்று ஆகியன அதன் உணவு. தரையில் வாழ்ந்தபோதிலும் செவுள்களாற் சுவாசிப்பதாதலின், உடல் உலர்ந்தால் இறந்துவிடும். கோடையில் இரண்டு மூன்று மாதங்கள் வளைக்குள் இருந்து, வாயிலை இலைகளால் அடைத்துக்கொள்ளும். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் முதல் மழை விழுந்ததும் காடெங்கும் சிவந்துவிடுகின்றது.

அப்பொழுது தொடங்குவதே பெரும் பயணம். முன்னே செல்வன ஆண் நண்டுகள். பெண் நண்டுகள் பின்தொடரும். நடுமேட்டிலிருந்து பாறைகளில் இறங்கி, கிலோமீற்றர்க் கணக்காக நடந்து, காலையிலும் மாலையிலும் முன்னேறி, நண்பகல் வெயிலில் நிழலில் ஒதுங்கி, ஒரு வாரத்துக்கு மேற் சென்று கடலை அடையும். கடல்நீரில் நனைந்து உடலின் ஈரத்தை மீட்டபின், கரையோர மேட்டில் ஆண்நண்டு வளைதோண்டும். அங்கு பெண்ணோடு கூடியதும் ஆண் காட்டுக்குத் திரும்பிவிடும். பெண்நண்டு பன்னிரண்டு பதின்மூன்று நாள் வளையிலே தங்கி, ஓர் இலட்சம் வரையான முட்டைகளை வயிற்றுமடலில் சுமந்திருக்கும். பின்னர் ஓரிரவின் இறுதியில், விடியுமுன், பொங்கிய கடல் வற்றத் தொடங்கும் நேரத்தில் நீர்விளிம்புக்கு வந்து உடலைக் குலுக்கி முட்டைகளைக் கடலில் விடும். நீர் தொட்டவுடன் அவை பொரிக்கும்.

இதில் வியக்கத்தக்கது காலக்கணிப்பே. முட்டையிடுவது தேய்பிறை அட்டமியை ஒட்டிய சில நாட்களில் மட்டும். அந்நாட்களிற் கடலின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு. கரையில் நிற்கும் தாய்நண்டை அலை அடித்துச் செல்லும் ஆபத்தும் குறைவு. மழை முந்தினால் நண்டுகள் வழியில் உண்டு இளைப்பாறி மெல்லச் செல்லும். மழை பிந்தினால் இடைவிடாது விரையும். மிகப் பிந்திவிட்டால் அடுத்த மாதத்துத் தேய்பிறையை எதிர்பார்த்திருக்கும். பஞ்சாங்கம் பார்ப்பவர் எவருமின்றி, கோடிக்கணக்கான உயிர்கள் மழையையும் மதியையும் ஒருங்கு நோக்கி நாட்குறிக்கின்றன.

கடலிற் சென்ற குடம்பிகளை மீன்கள் உண்கின்றன. பெரும்பாலான ஆண்டுகளிற் கரை திரும்புவன மிகச் சில. சில ஆண்டுகளில் ஒன்றுமேயில்லை. ஆயின் பத்தாண்டில் ஓரிரு முறை, மூன்று நான்கு வாரங்களின் பின், ஐந்து மில்லிமீற்றர் அளவேயுள்ள குஞ்சுகள் கரையெங்கும் செந்நிறக் கம்பளம் விரித்தாற்போல ஏறிவருகின்றன. அந்த ஒரு வெற்றியே இனத்தைப் பல ஆண்டுக்குத் தாங்கும். தப்பிய குஞ்சு வளர்ந்து பருவமடைய நான்கைந்து ஆண்டுகள் செல்லும்.

இத்தகைய பயணத்தின் குறுக்கே மனிதன் வீதியும் புகையிரதப் பாதையும் இட்டான். பொஸ்பேற்றுக்காகத் தீவின் காட்டில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு வெட்டப்பட்டது. நிழலற்ற வெட்டவெளிகளைக் கடக்கையில் நண்டுகள் வெயிலால் உலர்ந்து மடிந்தன. தண்டவாளத்திலும் சில்லுகளிலும் நசிந்தவை எண்ணில. தீவின் ஆட்சியும் கைமாறிக்கொண்டேயிருந்தது. 1942 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், காவற்படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து தம் பிரித்தானிய மேலவர் ஐவரைக் கொன்றனர். அம்மாதம் 31 ஆந் திகதி யப்பானியர் கரையிறங்கினர். அதே ஆண்டு மே மாதத்தில் கொக்கோஸ் தீவுகளில் நிறுத்தப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலரும் கலகம் செய்து, மூவர் பின்னர் தூக்கிலிடப்பட்டனர் என்பது நம் நாட்டார் மறவாத செய்தி. போரின்பின் சிங்கப்பூருடன் இணைந்திருந்த நத்தார்த் தீவு, 1958 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்கு மாறியது.

அதன்பின்னரே பாதுகாப்பு என்னும் எண்ணம் வேரூன்றியது. 1980 ஆம் ஆண்டில் ஒரு தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது. 1986 இலும் 1989 இலும் அது விரிவாக்கப்பட்டுத் தீவின் ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கை அடக்கியது. 1987 இற் சுரங்கம் மூடப்பட்டபோது, நண்டுக்கு நன்மை எனத் தோன்றியது தொழிலாளருக்குப் பட்டினியாயிற்று. அவர்களுட் பலர் தம் சேமிப்பைத் திரட்டிக் கம்பனி அமைத்து, 1990 இற் சுரங்கத்தை மீண்டும் திறந்தனர். புதிதாக மழைக்காட்டை வெட்டக்கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. நண்டையும் காக்கவேண்டும், மனிதனின் சோற்றையும் காக்கவேண்டும் என்ற இக்கட்டு இத்தீவில் வெறும் பேச்சன்று. சீனரும் மலாயரும் ஐரோப்பியருமாக 2021 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆயிரத்து எழுநூறு பேரளவில் வாழும் ஒரு சிறு சமூகத்தின் அன்றாட வாழ்வு அது.

இதற்கிடையில் கண்ணுக்குச் சிறிய ஒரு பகை வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரக்கோடு சரக்காக ஒருவகை மஞ்சள் எறும்பு தீவை அடைந்தது. தாறுமாறாக ஓடும் இயல்பினால் இதனைப் பித்தெறும்பு எனலாம். பல்லாண்டுகள் அது அடங்கியே இருந்தது. 1989 ஆம் ஆண்டளவிலே பல இராணிகள் சேர்ந்து வாழும் பெருங்கூட்டம் ஒன்று முதன்முதலாகக் காணப்பட்டது. அதன்பின் 1990 களில் அத்தகைய கூட்டங்கள் ஏக்கர்க் கணக்கில் பரவின. மரங்களில் ஒட்டிச் சாறுறிஞ்சும் செதிற்பூச்சிகள் சுரக்கும் இன்நீரே அவ்வெறும்புகளுக்கு வற்றாத உணவு. எறும்பு கடிப்பதில்லை, அமிலத்தைப் பீச்சும். நண்டின் கண்ணும் வாயும் அதனால் வெந்து, கண்ணிழந்த நண்டு ஓரிரு நாளில் மடியும். எறும்பு ஆண்ட நிலத்தில் நண்டு ஒன்றேனும் மிஞ்சவில்லை. அந்நிலத்தைக் கடந்து கடலுக்குச் சென்ற நண்டுகளும் வழியிலே மாண்டன. 1990 களின் நடுப்பகுதியில் நான்கு கோடிக்கு மேற்பட்டவை என மதிப்பிடப்பட்ட செந்நண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டவை இவ்வாறு அழிந்தன.

நண்டு மறைந்த இடத்திலே காடும் மாறியது. அதுவரை செந்நண்டுகள் இலைச்சருகையும் நாற்றுக்களையும் தின்று காட்டின் தரையைக் கூட்டிப் பெருக்கியது போல் வைத்திருந்தன. அவை போனதும் சருகு குவிந்தது. நாற்றுக்கள் நெருங்கி வளர்ந்தன. நண்டுக்கு அஞ்சி உட்புகாதிருந்த ஆபிரிக்கப் பெருநத்தை காட்டுக்குள் ஏறியது. டெனிஸ் ஒ'டௌட், பீற்றர் கிறீன் முதலிய ஆராய்ச்சியாளர் இம்மாற்றங்களை அளந்து நிறுவினர். நண்டு காட்டில் வாழும் ஒரு பிராணி மட்டுமன்று, காட்டைப் பராமரிக்கும் தோட்டக்காரன் என்பது, அது இல்லாதவிடத்து நன்கு விளங்கிற்று.

2002 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டிலும் உலங்கு வானூர்திகளிலிருந்து நச்சுத்தீனி தூவப்பட்டு எறும்புக் கூட்டங்கள் ஒடுக்கப்பட்டன. அத்தீனியைத் தென்னை நண்டுகளும் விரும்பி உண்ணுமாதலின், வேறு உணவு கொட்டி அவற்றை அப்பால் ஈர்க்க வேண்டியதாயிற்று. எனினும் எறும்பு மீண்டும் தலைதூக்கியது. ஆகவே வேர்மூலம் தேடப்பட்டது. எறும்புக்கு இன்நீர் அளிக்கும் செதிற்பூச்சியைத் தாக்கும் இரண்டு மில்லிமீற்றர் அளவேயான சிறு குளவி ஒன்று மலேசியாவில் உண்டு. பல்லாண்டுப் பரிசோதனையின்பின் 2016 ஆம் ஆண்டு டிசெம்பரில் அது தீவிலே விடப்பட்டது. மக்கள் கவலையோடு காத்திருந்தனர். அண்மை ஆண்டுகளில் குஞ்சுகள் பெருந்தொகையாகக் கரை திரும்பியுள்ளன; செந்நண்டின் தொகை மீண்டும் உயர்ந்துள்ளது.

தீவு மக்கள் நண்டோடு வாழக் கற்றுக்கொண்ட முறைகள் பல. பயண காலத்தில் முக்கிய வீதிகள் மூடப்படுகின்றன. எந்நாள் எவ்வீதி மூடப்படும் என்பது முன்னறிவிக்கப்படுகின்றது. வீதியோரங்களில் நெடுந்தூரம் தாழ்ந்த வேலிகள் அமைத்து, நண்டுகளை வீதியின் அடியிற் செல்லும் சுருங்கைகளுக்குத் திருப்புகின்றனர். ஓரிடத்தில் ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த பாலம் வீதிக்கு மேலாக எழுந்து நிற்கின்றது. மனிதர் கீழே செல்ல, நண்டுகள் மேலே செல்கின்றன. திறந்திருக்கும் வீதிகளில் வாகனமோட்டுவோர் வாகனத்தில் வாரி ஒன்றை வைத்திருந்து, இறங்கி நண்டுகளை மெல்ல ஒதுக்கி வழியமைத்துச் செல்வர். விரைந்து ஓட்டுவோருக்கு நண்டின் இடுக்கி டயரைக் கிழித்துப் பாடம் கற்பிப்பதும் உண்டு. வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால் விருந்தினர் உள்ளே வந்துவிடுவர்.

ஆயினும் எல்லாம் இனிதாக முடிந்தது எனச் சொல்வதற்கில்லை. 2008 ஆம் ஆண்டிற் குடிவரவுத் தடுப்பு நிலையம் திறக்கப்பட்டபின் வாகனங்கள் பெருகின. ஐம்பதாண்டு வாழவேண்டிய தென்னை நண்டுகள் பல ஒரு நொடியிற் சில்லுக்கு இரையாயின. செந்நண்டு ஐந்தாண்டிற் பருவமடையும். தென்னை நண்டோ மிக மெதுவாக வளர்வது. ஒரு பெருநண்டு இறந்தால் அவ்விடத்தை அத்தகைய இன்னொன்று நிரப்ப ஒரு தலைமுறைக் காலம் வேண்டும். தீவுக்கே உரிய சிறு வெளவால் ஒன்றின் ஒலி 2009 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின்பின் எவர் செவிக்கும் எட்டவில்லை. அதனைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் சில வாரங்கள் பிந்திவிட்டன.

அன்ட்றூஸ் கண்ட எலிகள் பத்தாண்டில் மறைந்தபோது தீவில் அதனைக் கவனித்தார் எவருமில்லை. வெளவால் மறைந்தபோது கவனித்தார் இருந்தனர். ஆனால் காலம் தாழ்த்தினர். நண்டின் விடயத்திற் கவனித்தோரும் இருந்தனர், காலத்திற் செயற்பட்டோரும் இருந்தனர். ஒரே சிறு தீவிலே நூற்றிருபது ஆண்டுக்குள் நிகழ்ந்த இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்குதல் நன்று. நண்டு மனிதனிடம் கேட்பது அதிகமன்று. ஆண்டில் சில வாரங்கள், காலையிலும் மாலையிலும், கடலுக்குப் போகும் பாதை திறந்திருக்க வேண்டும் என்பதே. அந்தச் சில வாரங்களுக்கு வீதியைப் பூட்டி, அதன் பாரம் தம்முடையது என ஏற்றுக்கொண்டவர்கள் சுரங்கத்தில் உழைத்து வாழும் எளிய மக்களே.